என் தம்பிக்காக நான் சொன்ன பதில்

1

கடந்த செவ்வாய்க்கிழமை எனக்கு வேலையிடத்தில் கோபம் வந்து ஒரு கட்டிலின் பிரேக்கைக் காலால் ஓங்கி மிதித்துவிட்டேன். மேற்பார்வையாளர் கூப்பிட்டு "ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். இந்த நாட்டில் இதை ஒரு மரியாதைக்குக் கேட்பார்கள். இல்லை என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

நான் ஒஸ்லோவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கட்டில் தள்ளுகிறவன். இருபத்தாறு வருடமாக அதுதான் வேலை. காலை ஆறரைக்குச் சீருடை மாற்றி, நிலத்துக்குக் கீழே ஓடுகிற நீண்ட பாதையில் நோயாளிகளை ஒரு கட்டிடத்திலிருந்து இன்னொரு கட்டிடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது. ஊருக்குப் போனால் "ஆஸ்பத்திரியிலை வேலை" என்று மட்டும் சொல்வேன். மிச்சத்தை அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள்.

அன்றைக்கு ஒரு பெண்மணியைக் கட்டிலோடு ஸ்கான் பிரிவில் விட்டுவிட்டு நின்றேன். பக்கத்துக் கதிரையில் ஒரு கிழவர் தன் முறைக்குக் காத்திருந்தார். எண்பது வயது இருக்கும், புற்றுநோய்க்கு மருந்து ஏறிக்கொண்டிருக்கிறவர். தாதி வந்து, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், நேற்றும் முந்தாநாளும் என்ன செய்தீர்கள் என்று கேட்டாள்.

"விறகு கொத்தினேன்" என்றார் கிழவர். குளிர் வரப்போகிறதாம்.

தாதி சிரித்தாள். கணினியைப் பார்த்தாள். "அப்படியென்றால் வெள்ளிக்கிழமை வாருங்கள். அதுவரை சோபாவில் இருங்கள்" என்றாள். கிழவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். எல்லாம் இரண்டு நிமிடம். ஒருவரும் ஒருவரையும் ஏசவில்லை.

அப்போதுதான் பிரேக்கை மிதித்தேன்.

2

ஏன் என்று சொல்வதற்கு முதல் இந்த ஸ்கானைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் டொக்டர் இல்லை. ஆனால் அந்த வாசலில் கட்டிலோடு காத்துக் கிடந்து காது கொடுத்துக் கேட்டவன்.

சாதாரண ஸ்கான் கட்டியின் அளவைக் காட்டும். இது அளவைப் பற்றிக் கவலைப்படாது. கதிர்வீச்சுச் சேர்த்த சீனி கொஞ்சத்தை ஊசியால் ஏற்றுவார்கள். புற்றுநோய்க் கலத்துக்கு, அதாவது செல்லுக்கு, சீனிப் பசி அதிகம். எங்கே கலம் உயிரோடு இருந்து சீனியை இழுக்கிறதோ அந்த இடம் படத்தில் எரியும். கட்டி பெரிதாகவே இருக்கலாம், ஆனால் உள்ளே எல்லாம் செத்திருக்கலாம். சுருங்கியிருக்கலாம், ஆனால் மிச்சம் உயிரோடு இருக்கலாம். கையால் தடவிப் பார்க்கிறவனுக்கு இது தெரியவராது.

இதனால் என்ன பிரயோசனம்? ஆறு மாதம் மருந்து ஏற்றி முடித்த பிறகு பிடிக்கவில்லை என்று கண்டுபிடிப்பதற்குப் பதிலாக, இரண்டாவது மாதமே கண்டுபிடிக்கலாம். பிடிக்காத மருந்தை நிறுத்தலாம். பிடித்திருந்தால் அதில் கெடுதல் கூடியதைக் குறைக்கலாம். இந்த ஸ்கானின் பெறுமதி முழுவதும் அந்த "முன்கூட்டியே" என்ற சொல்லில்தான் இருக்கிறது. பிந்தித் தெரிந்தால் அது வெறும் படம்.

ஒன்று கவனமாக இருக்க வேண்டும். உடம்பில் சீனி இழுப்பது புற்றுநோய் மட்டும் இல்லை. களைத்துப்போன தசையும் இழுக்கும். பாரமான வேலை செய்தால் இரண்டு நாளைக்கு அந்தத் தசையும் எரியும். அதனால்தான் அந்தக் கிழவரைத் திருப்பி அனுப்பினார்கள்.

3

என் தம்பி குகன் யாழ்ப்பாணத்து நீர்வேலியில் வாழைத் தோட்டம் செய்கிறான். என்னைவிட ஒன்பது வயது இளையவன், இப்போது நாற்பத்தெட்டு. இந்த வருடம் கழுத்தில் வலப்பக்கம் ஒரு கட்டி. வாழைக்குலை சுமந்த தழும்பு என்று சொல்லி மூன்று மாதம் கடத்தினான். கடைசியில் நிணநீர்க் கணுக்களில் வருகிற ஒரு வகைப் புற்றுநோய் என்றார்கள். சுகப்படுத்தக் கூடியது, ஆனால் மருந்து சரியாகப் பிடிக்க வேண்டும். நாலு மருந்து சேர்ந்த கூட்டு. மாதத்துக்கு ஒரு சுற்று. நாலில் ஒன்று நுரையீரலைக் கெடுக்கக் கூடியது.

யாழ்ப்பாணத்துக் கிளினிக் டொக்டர் ஒரு இளம் பெண். இரண்டாவது சுற்று முடிந்ததும் இந்த ஸ்கானைச் செய்துவிடச் சொன்னாவாம். சுத்தமாக வந்தால் நுரையீரலைக் கெடுக்கிற மருந்தை நிறுத்தலாம். வராவிட்டால் முழுக் கூட்டையும் மாற்ற வேண்டும். குகன் அதற்குள் இருமத் தொடங்கியிருந்தான்.

கொழும்புக்குத்தான் போக வேண்டும். நான் வருகிறேன் என்றேன்.

"நீங்கள் ஏன் அண்ணை மினக்கெட்டு? கலா வருவாள்தானே" என்றான் குகன். கலா அவனுடைய மனைவி.

"உங்கள் ரெண்டு பேருக்கும் இதைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. நான் தினம் பாக்கிறன்."

"நீங்கள் கட்டில்தானே தள்ளுறனீங்கள்?"

"ஓமடா. அந்தக் கட்டிலைத் தள்ளித்தான் உன்ரை வீட்டுக்கு ஓடு போட்டது."

இப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொன்னேன்.

விடுப்புக்குப் படிவம் நிரப்பினேன். நோயாளி உங்களுடைய பிள்ளையா, கணவரா, மனைவியா, பெற்றோரா என்று நாலு பெட்டி. தம்பிக்குப் பெட்டி இல்லை. "மற்றவை" என்று எழுதினேன். "மற்றவை என்றால் விளக்கவும்" என்று திரும்பி வந்தது. தம்பி என்றால் என்ன என்று நோர்வே மொழியில் ஒரு பந்தி எழுதினேன். பிறகு சம்பளம் இல்லாமல் மூன்று கிழமை, இருபத்தொரு நாள், தந்தார்கள்.

4

போய் இறங்கின அன்றிலிருந்து ஸ்கானுக்கு அனுப்புகிற கடிதத்துக்கு அலைந்தோம். கிளினிக் கடிதம் தயார். அதற்கு மேலே ஒரு ஒப்புதல் முத்திரை வேண்டும். முத்திரை இருந்தது, அதைக் குத்துகிறவர் லீவில். மேசையில் முத்திரை கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது.

"அதை எடுத்துக் குத்திவிட எவ்வளவு நேரம் தம்பி?" என்று அங்கே இருந்த பொடியனைக் கேட்டேன்.

"ஐயா வெளிநாடோ?"

"ஓம்."

"அதுதான் அவசரம்" என்றான்.

நாலாம் நாள் முத்திரை விழுந்தது. கொழும்பில் திகதி கிடைத்தது. அந்தக் கதிர்வீச்சுச் சீனி எல்லா நாளும் கிடைக்காது. குறிப்பிட்ட நாளில்தான் செய்வார்கள், சில மணித்தியாலத்துக்குள் பாவித்து முடிக்க வேண்டும். திகதி தவறினால் அடுத்தது எப்போது என்று ஒருவரும் வாயால் சொல்லவில்லை.

நான் குகனையும் கலாவையும் இருத்திவைத்துச் சட்டம் போட்டேன். இரண்டு நாளைக்கு மண்வெட்டி தொடக் கூடாது. குலை தூக்கக் கூடாது. சைக்கிள் ஓடக் கூடாது. ஸ்கான் எடுக்கிற அன்று காலையில் தண்ணீர் மட்டும். கோயில் பிரசாதம் என்று பஞ்சாமிர்தத்தை வாயில் போடக் கூடாது.

"மூச்சு விடலாமோ?" என்றான் குகன்.

"பகிடி விடாதை. நான் சொல்லுறதைச் செய்."

"அத்தான், அவர் ஒரு வேலையும் செய்யாமல் நான் பாத்துக்கொள்ளுறன்" என்றாள் கலா. பார்த்துக்கொண்டாள்தான். தோட்டத்துக்கு ஆள் பிடித்துவிட்டாள். சைக்கிளின் காற்றைத் திறந்துவிட்டாள். குகன் முற்றத்தில் கதிரை போட்டுக் கிழவன் மாதிரி இருந்தான். போகிறவர்கள் வருகிறவர்களிடம் "நான் இப்ப சீமான், அண்ணை வந்திருக்கிறார்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். கட்டி பாதியாக வற்றியிருந்தது. ஆளுக்கு ஆள் கழுத்தைத் தடவிக் காட்டினான்.

அது எங்கள் அம்மன் கோயில் திருவிழாக் காலம். நாங்கள் வாகனத்தில் கொழும்புக்குப் புறப்பட்ட அன்று விடியக் குகன் கோயிலுக்குப் போய் வந்தான். நான் பயணக் களைப்பில் எழும்பவில்லை. எழும்பி வந்தபோது தலை ஈரமாக, நெற்றி நிறையத் திருநீறோடு நின்றான். காது மடலுக்குப் பின்னால் மணல் ஒட்டியிருந்தது. நான் அதைக் கண்டேன். துவாயால் ஒழுங்காகத் துடைக்கத் தெரியாது என்று நினைத்தேன்.

5

அடுத்த நாள் போன ஸ்கான் இடம் நல்ல துப்புரவு. நல்ல குளிர். குகன் மெஷினைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்துவிட்டு, "என்னை உந்த வடை ஓட்டைக்குள்ளையோ விடப்போறாங்கள்?" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. அந்த இடத்தில் நான்தான் பொறுப்பானவன் என்று ஒரு நினைப்பு. ஊசி போட்டால் ஒரு மணித்தியாலம் இருட்டறையில் அசையாமல் கிடக்க வேண்டும், கதைக்கவும் கூடாது என்று எல்லாவற்றையும் அவனுக்கு ஒப்புவித்தேன்.

ஒரு இளைஞன் படிவத்தோடு வந்தான். சிங்களப் பொடியன். பண்பாக ஆங்கிலத்தில் கேட்டான். பெயர், வயது, நீரிழிவு இருக்கிறதா, எப்போது சாப்பிட்டார். என் ஆங்கிலம் பத்தாம் வகுப்போடு நின்றது, அதையும் நோர்வே மொழி பாதி தின்றுவிட்டது. ஆனாலும் இந்தக் கேள்விகள் எனக்கு மனப்பாடம். எங்கள் ஆஸ்பத்திரியிலும் இதே கேள்விகள், இதே ஒழுங்கு. அவன் கேட்டு முடிக்க முதல் நான் பதில் சொன்னேன்.

கடந்த இரண்டு நாளில் கடினமான உடல் உழைப்பு ஏதும் செய்தாரா என்று கேட்டான்.

"இல்லை. ஒன்றும் இல்லை. வீட்டில் இருந்தவர்" என்றேன்.

அவன் கோடு போட்டான். குகன் என்னைப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்தான். "என்னவாம்?" என்றான்.

"ஒண்டுமில்லை. நான் சொல்லிப்போட்டன்."

6

மூன்றாம் நாள் றிப்போட் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. டொக்டர் படத்தைக் கணினியில் திறந்து எங்கள் பக்கம் திருப்பினா. நான் எத்தனையோ படத்தை எட்டிப் பார்த்திருக்கிறேன். மூளை எரியும், சிறுநீர்ப் பை எரியும், மற்றது மங்கலாக இருக்க வேண்டும். குகனுடைய படத்தில் இரண்டு தோளும் எரிந்தன. முதுகு எரிந்தது. தொடை எரிந்தது. கழுத்தில் இரண்டு பக்கமும் கயிறு கயிறாக எரிந்தது. கட்டி இருந்த இடம் அந்தக் கயிறுகளுக்கு நடுவில் எங்கேயோ கிடந்தது. அது எரிகிறதா அணைந்துவிட்டதா என்று கடவுளாலும் சொல்ல முடியாது.

டொக்டர் என்னைக் கேட்கவில்லை. கதிரையைக் குகன் பக்கம் திருப்பினா.

"ஸ்கானுக்கு முதல் நாள் என்ன செய்தனீங்கள்?"

"ஒரு வேலையும் செய்யேல்லை டொக்டர்."

"வேலை எண்டில்லை. காலமையிலையிருந்து சொல்லுங்கோ. எழும்பினனீங்கள். பிறகு?"

"கோயிலுக்குப் போனனான்."

"போய்?"

"பிரதட்டை அடிச்சனான்."

ஊர் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிரதட்டை என்றால் நேர்த்திக்கடனுக்காகக் கோயில் வெளிவீதியை உருண்டு சுற்றி வருவது. இரண்டு கையையும் தலைக்கு மேலே நீட்டி, தேங்காயைப் பிடித்துக்கொண்டு, முகம் மணலில் உரசாமல் கழுத்தைத் தூக்கிப் பிடித்தபடி உருள வேண்டும். நல்ல உடம்புக்காரனுக்கே இரண்டு நாள் கழுத்துத் திரும்பாது. இவன் இரண்டு சுற்று மருந்து ஏறின உடம்போடு மூன்று முறை சுற்றியிருக்கிறான்.

"உனக்கு விசரே?" என்று கத்தினேன். வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "நான் படிச்சுப் படிச்சுச் சொன்னனானெல்லே? சைக்கிள் கூட ஓடாதை எண்டு சொன்னனானெல்லே?"

"அது வேலை. இது நேர்த்தி அண்ணை."

"தசைக்குத் தெரியுமோடா அது நேர்த்தி எண்டு?"

"கட்டி பாதி வத்தினால் உருளுறன் எண்டு நேர்ந்தனான். வத்திச்சுது. தூரப் பயணம் போறதுக்கு முதல் வைச்ச நேர்த்தியை முடிக்கத்தானே வேணும்? போற வழியிலை ஏதும் நடந்தால்?"

அவன் வெட்கப்படவில்லை. ஒளித்ததாகவும் நினைக்கவில்லை. அவனுக்கு அது உடல் உழைப்பில் சேர்த்தி இல்லை, சாமி கும்பிடுவதில் சேர்த்தி. நானும் அதே வீதியில் பிறந்தவன். கோயில் வீதியில் மணல் பரப்பினால் யார் யார் உருளப்போகிறார்கள் என்று ஊரே பேசும் என்பது எனக்குத் தெரியாததா? சட்டம் போடும்போது மண்வெட்டியை நினைத்தேன், சைக்கிளை நினைத்தேன், பஞ்சாமிர்தத்தைக் கூட நினைத்தேன். இதை நினைக்கவில்லை.

டொக்டர் றிப்போட்டைப் புரட்டினா. "அங்கை இதை வடிவாய்க் கேப்பினம். உங்களைக் கேக்கேல்லையோ?"

"என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை டொக்டர்" என்றான் குகன். "அண்ணையிட்டைத்தான் கேட்டவை. அண்ணைதான் சொன்னவர்."

டொக்டர் என் முகத்தைப் பார்க்காமல் பேனையைத் தேடினா. அது அவவுடைய நல்ல குணம். அவ பார்த்து ஏசியிருந்தால் எனக்கும் திருப்பி ஏச ஒரு ஆள் கிடைத்திருக்கும்.

மூன்றாவது சுற்றைப் பிந்த விட முடியாது. பழைய கூட்டையே ஏற்றுவதென்று முடிவு. இருமல் இருப்பதால் நுரையீரலைக் கவனிப்பதாகச் சொன்னா. ஸ்கானுக்கு அடுத்த திகதி மூன்றாவது சுற்றுக்குப் பிறகுதான் கிடைத்தது. இரண்டாவது மாதத்தில் தெரிந்திருக்க வேண்டியது மூன்றாவது மாதத்தில் தெரியும். தெரியாமலே ஒரு மாதம் மருந்து ஏறும்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் ஏசினேன். சுன்னாகம் சந்தைக்குள் வாகனம் இறுகி நின்ற இடத்தில்தான் வாய் மூடினேன், மூச்சு வாங்க. கலா பின்சீற்றில் அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. கோயில் வாசலில் அவள்தான் துவாயோடு நின்றிருக்கிறாள்.

"நீங்கள் ஏசுவியள் எண்டுதான் சொல்லேல்லை அத்தான்" என்றாள்.

"சொல்லியிருந்தால் ஏசிப்போட்டுத் திகதியை மாத்தியிருப்பன்!"

"மாத்தியிருப்பியள். ஆனால் முதல் ஏசியிருப்பியள்தானே."

7

விடுப்பு முடிந்தது. நீட்டிக் கேட்டேன். "மற்றவை" என்று எழுதினவனுக்கு நீட்டிப்பு இல்லையாம். திரும்பி வந்து கட்டில் தள்ளுகிறேன்.

இங்கே வந்தும் சண்டைதான். என் மகள் ஆரணி இந்தப் படிப்புத்தான் படிக்கிறாள். ஸ்கான் எடுக்கிற தொழில், இரண்டாம் வருடம். வேறு இடத்தில் அறை எடுத்து இருக்கிறாள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வருவாள், சாப்பிடுவாள், போனைப் பார்ப்பாள், போவாள். நான் தமிழில் கேட்டால் நோர்வே மொழியில் பதில் சொல்வாள். பிரதட்டைக் கதையைச் சொன்னபோது சிரிப்பாள் அல்லது சலிப்பாள் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை.

"கேள்வி சித்தப்பாவுக்குத்தானே. நீங்கள் ஏன் பதில் சொன்னீங்கள்?" என்று கேட்டாள்.

"அவனுக்கு இங்கிலிஷ் தெரியாது."

"மொழிபெயர்த்திருக்கலாம். எங்களுக்கு முதல் கிழமையே சொல்லித் தருவார்கள். சொந்தக்காரர் சொன்னால் எழுதாதே, நோயாளியைக் கேள் என்று."

இவ்வளவையும் நோர்வே மொழியில்தான் சொன்னாள். ஊரில் என்றால் மூத்தவன் பேசுவான், இளையவன் பக்கத்தில் நிற்பான், அதுதான் முறை என்று நான் விளக்கினேன். அவள் தட்டைக் கழுவப் போய்விட்டாள். இருபத்திரண்டு வயது, ஊரை இரண்டு தரம் பார்த்தவள். எனக்கு எரிச்சல் அடங்க ஒரு கிழமை எடுத்தது. அவள் பிழையாகச் சொல்லியிருந்தால் அவ்வளவு நாள் எடுத்திருக்காது.

போன சனிக்கிழமை, அதாவது அந்த விறகுக் கிழவரைக் கண்டு நாலாம் நாள், கலா வட்ஸ்அப்பில் இரண்டாவது ஸ்கானின் றிப்போட்டைப் படம் எடுத்து அனுப்பினாள். இந்த முறை குகன் இரண்டு நாளும் கட்டிலை விட்டு இறங்கவில்லையாம். கொழும்பில் கேள்வி கேட்க வந்தபோது, தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிடும்படி அவனே கேட்டு, ஒவ்வொன்றுக்கும் தானே பதில் சொன்னானாம். என்னை வரச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

ஆரணி மேசையில் இருந்தாள். போனை அவளிடம் கொடுத்தேன். அவள் மெல்ல வாசித்தாள். படம் நல்ல தெளிவு, தசை ஒன்றும் எரியவில்லை என்று தமிழில் தொடங்கினாள். எரிகிற இடத்தை ஈரலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், ஈரலை விடக் குறைவாக எரிந்தால் நல்லது. ஈரலுக்குத் தமிழ் வராமல் தன் வலது விலாவைத் தொட்டுக் காட்டினாள். பிறகு நோர்வே மொழியில் ஏதோ நீளமாகத் தொடங்கினாள்.

"தமிழிலை சொல்லு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவள் யோசித்தாள். "மருந்து வேலை செய்யேல்லை அப்பா" என்றாள்.

அவளுடைய தமிழில் மெதுவாகச் சொல்வதற்கு வேறு சொல் இல்லை.

கட்டி வற்றியதுதான். ஆனால் வற்றியதுக்குள் இரண்டு கணு ஈரலை விடக் கூடுதலாக எரிகிறது. முழுக் கூட்டையும் மாற்ற வேண்டும்.

போன் அடித்தது. கலா.

"பாத்தனீங்களோ அத்தான்? பிள்ளை என்ன சொல்லுறாள்?"

சொன்னேன்.

"இவருக்குச் சொல்லாதேங்கோ. திங்கக்கிழமை கிளினிக். டொக்டர் சொல்லட்டும். நீங்கள் 'குறைஞ்சு கொண்டு வருது' எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, அது போதும். நீங்கள் சொன்னால் நம்புவார்."

நம்புவான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஆரணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கலாவின் பாதிச் சொல் அவளுக்கு விளங்கியிருக்காது. ஆனால் என் முகத்தை அவளால் வாசிக்க முடியும்.

"குகன் எங்கை?"

"தோட்டத்துக்குள்ளை."

"போனைக் கொண்டுபோய்க் குடு."

"அத்தான்..."

"குடு பிள்ளை."

8

ஊரில் அப்போது பின்னேரம். தண்ணீர் இறைக்கிற மோட்டர்ச் சத்தம் கேட்டது. "சொல்லுங்கோ அண்ணை" என்றான் குகன்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை. நீ கேள். கேக்கிறதுக்குப் பதில் சொல்லுறன்."

"என்ன, வழக்குப் பேசுறியளோ?"

"கேளடா."

மோட்டர்ச் சத்தத்தை விட்டுத் தள்ளி வந்து கேட்டான். "இன்னும் எரியுதோ?"

"ஓம்."

"எத்தினை?"

"ரெண்டு. வலப்பக்கக் கழுத்திலை."

"புது இடமோ?"

"இல்லை. பழைய இடம்தான்."

இருமினான். துப்பினான். "முந்தின ஸ்கான் ஒழுங்காய் வந்திருந்தால் அப்பவே தெரிஞ்சிருக்குமோ?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்த்திருந்தேன். எதிர்பார்த்திருந்தும் சொல்வது சுலபமாக இருக்கவில்லை.

"தெரிஞ்சிருக்கும்."

"அப்ப ஒரு மாதம் சும்மா ஏத்தியிருக்கு."

"ஓம். பாதி உன்ரை பிழை. பாதி என்ரை."

"உங்கடை பங்கு கொஞ்சம் கூடத்தான்" என்றான். சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "உருண்டது நான்தான். ஆனால் அவன் கேக்கேக்கை நான் சொல்லியிருப்பன் அண்ணை. பெருமையாய்ச் சொல்லியிருப்பன்."

"தெரியும்."

"புது மருந்துக்குத் தலைமயிர் போகுமோ?"

"உனக்கு அது எப்பவோ போயிட்டுதே."

"அதுவும் சரிதான்."

ஆரணி பக்கத்தில் வந்து நின்றாள். போனை வாங்கி, "சித்தப்பா" என்றாள். அவன், "ஓம் பிள்ளை, சுகமாய் இருக்கிறன், நீ வடிவாய்ப் படி" என்றான். அவள் தலையாட்டினாள். போனில் தலையாட்டினால் தெரியாது என்று நான் சொல்லவில்லை.

போனைத் திரும்ப வாங்கினேன்.

"சரி அண்ணை, வைக்கிறன். பாத்தி நிரம்பி வழியுது, தண்ணி அடுத்த பாத்திக்கு மாறவேணும்" என்றான்.

விடடா, வேறு ஆள் தண்ணி மாறட்டும், நீ போய்ப் படு என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். அவனுடைய இருமல் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. அங்கே நிற்பவன் அவன், நான் இல்லை.

"உனக்கு ஏலுமோ?" என்று கேட்டேன்.

"ஏலும்."

"அப்ப மாறு."

போனை நிறுத்தாமல் எங்கேயோ வரம்பில் வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். மண்வெட்டி சேற்றில் இறங்குகிற சத்தம் கேட்டது. பிறகு இருமல். பிறகு மறுபடியும் மண்வெட்டி.